ஓரின் பார்த்த சூரியன்

வெக்ஸ்கம் ஊரில் யாராவது நம்ப முடியாத சங்கதி சொன்னால், கேட்கிறவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு "ஓரின் பார்த்த சூரியன் மாதிரியா?" என்பார். ஆற்றில் கை நீள மீன் பிடித்தேன் என்றாலும் அதுதான். மாமியார் என் சமையலைப் புகழ்ந்தாள் என்றாலும் அதுதான். வெர்மாண்ட் மலைக்குள் மடங்கிக் கிடக்கிற ஊர், பொழுது போக வேறென்ன இருக்கிறது? கிடைத்த ஒரு பேச்சைப் பல வருஷம் வைத்து மென்றார்கள். அதை முதலில் கிளப்பிவிட்ட மகராசி யார், அந்த மனுஷன் அதை எப்படிச் சுமந்தார் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள். அவர்களை விடுங்கள். நடந்தது இதுதான்.

ஓரின் பெட்டிங்கில் தலை நரைக்கும்வரை ஊருக்குப் பனி தள்ளும் லாரி ஓட்டியவர். விடிவதற்கு முன்னால் ஊரின் ரோடுகளையெல்லாம் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, கடை வாசலில் வந்து நின்று காப்பியை ஊதிக்கொண்டே, "மேட்டு ரோடு தொறந்தாச்சு" என்று ஒரு வார்த்தை சொல்வார். அவ்வளவுதான், பள்ளிக்கூட பஸ் கிளம்பும், பால் லாரி கிளம்பும், பிரசவ வலி கண்டவளைக் காரில் ஏற்றுவார்கள். போக வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டால் பாதிரியாரே ஞாயிற்றுக்கிழமை வீட்டோடு ஜெபம் பண்ணிக்கொள்வார். ஓரினுக்கு அழகு கிடையாது, சொத்து கிடையாது, பேச்சுச் சாமர்த்தியமும் கிடையாது. அந்த ஒரு சொல்லுக்கு இருந்த மரியாதைதான் மனுஷன் சேர்த்து வைத்த ஆஸ்தி.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் பிடித்தது சனி. வீட்டில் சும்மா இருக்கத் தெரியாமல் அடுப்படிக்குள் புகுந்து, டப்பாக்களை உயர வரிசையில் அடுக்கி வைத்தார். உப்பு எங்கே, சீனி எங்கே என்று அவர் மனைவி லோர்னா தேடித் தேடிச் சலித்துப் போனாள். இந்த ஆளைப் பகலில் வீட்டை விட்டுக் கிளப்ப ஒரு வழி வேண்டும் என்று அவளே ஒரு மெட்டல் டிடெக்டர் வாங்கிப் பிறந்த நாள் பரிசு என்று கையில் கொடுத்தாள். காட்டில் போய் எத்தனை குழி வேண்டுமானாலும் தோண்டட்டும், என் டப்பாவில் கை வைக்காமல் இருந்தால் சரி என்பது அவள் கணக்கு.

முதல் வருஷம் முழுக்க பீர் டின்னின் வளையம், குதிரை லாடம், துப்பாக்கித் தோட்டா, டிராக்டரிலிருந்து கழன்று விழுந்த நட்டு. அப்புறம் ஒருநாள் ஓர் ஆப்பிள் மரத்தடியில் இங்கிலாந்து ராஜா தலை போட்ட பழைய செப்புக் காசு ஒன்று அகப்பட்டது. அத்தோடு மனுஷனுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் எங்கள் மலையில் நிறையப் பேர் உண்டு. எல்லோருக்கும் கனவு ஒன்றுதான். வெர்மாண்ட் எந்த நாட்டோடும் சேராமல் தனியாக நின்ற கொஞ்ச காலத்தில் தனக்கென்று ஒரு செப்புக் காசு அடித்துக்கொண்டது. மலைக்குப் பின்னாலிருந்து சூரியன் கதிர் விரித்து எழும்பும், மலை மேல் பைன் மரங்கள் நிற்கும், கீழே ஒரு கலப்பை கிடக்கும். அதைத் தன் கையால் மண்ணிலிருந்து எடுக்காமல் கண்ணை மூடுவதில்லை என்று ஓரின் சபதம் போட்டார்.

சபதம் போட்டவருக்கு ஒரு குறை இருந்தது. வலது கைக் கட்டைவிரல் சும்மா இருக்காது. எதைப் பிடித்தாலும் தேய்க்கும். லாரி ஸ்டியரிங்கில் அந்த விரல் பட்ட இடம் வழுவழுவென்று குழி விழுந்திருக்கும். கல்யாண மோதிரத்தில் இருந்த கொடி வேலையை, மணமான மறு வருஷமே தேய்த்து மொழுக்கென்று ஆக்கியவர். இந்தச் செப்புக் காசுக்கோ தேய்த்தால்தான் சாவு. எங்கள் மண் புளித்த மண், செம்பைத் தின்றுவிடும். இருநூறு வருஷத்துக்கு மேல் புதைந்து கிடந்த காசில் ராஜாவோ சூரியனோ எழுத்தோ எல்லாம் மேலே படிந்த பச்சைப் படலத்தில்தான் ஒட்டிக்கொண்டிருக்கும். ஈரத்தோடு விரலை வைத்து இழுத்தால் பாலாடை மாதிரி உரிந்து வந்துவிடும், அடியில் ஒன்றும் இருக்காது. அதனால் எடுத்த காசைத் தொடாமல் பஞ்சில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோய், பல் குத்தும் குச்சியால் பொறுமையாக மண்ணை நீக்க வேண்டும். தோண்டுகிறவர்களுக்கு இதுதான் வேதம்.

அந்தப் பொறுமைக்குப் பேர் போனவர் முடி வெட்டுகிற காஸ்டன் டிபோ. ஒரே காசை வைத்துக்கொண்டு ஒரு குளிர்காலம் முழுக்கக் குச்சியும் பூதக்கண்ணாடியுமாக உட்கார்ந்திருப்பார். வியாழக்கிழமை சாயங்காலம் தோண்டுகிற கூட்டம் அவர் கடையில்தான் கூடும். ஓரினுடைய முதல் காசு அங்கே வந்து சேர்ந்தபோதே ராஜாவுக்கு மூக்கும் இல்லை முழியும் இல்லை. அன்றைக்கே காஸ்டன் அவருக்கு உப்புத்தாள் என்று பேர் வைத்துவிட்டார்.

இனி அந்த மகராசி. ஊர்க் கோடியில் மக்காச்சோளக் கொல்லை வைத்திருக்கிற ஏவிஸ் ஹாட்ச் அம்மாள். புருஷன் வென்டல் போய்ச் சேர்ந்துவிட்டார், மாடுகளை விற்றாயிற்று. நாக்கு மட்டும் அப்படியே இருந்தது. அந்த அம்மாளுக்கு ஒரு பெருமை உண்டு: பார்க்காததைப் பார்த்தேன் என்று ஜென்மத்தில் சொன்னதில்லை. பிரசங்கத்தின் நடுவில் பாதிரியார் நேற்றுப் பெய்த அடைமழை என்று ஆரம்பித்ததற்கு, எழுந்து நின்று அது வெறும் தூறல் என்று திருத்திவிட்டு உட்கார்ந்தவர். அவர் கொல்லையில்தான் குதிரை வண்டிக் காலத்தில் ஒரு சத்திரம் இருந்தது. இப்போது கல் சரிந்த ஒரு பள்ளமும் ஒரு லைலாக் பூப்புதரும்தான் மிச்சம். சத்திரம் இருந்த இடத்தில் காசு சிந்தாமல் இருக்குமா?

ஒரு இலையுதிர் காலத்தில் அந்தப் பள்ளத்துக்குப் பக்கத்தில் ஓரினின் கருவி பாடியது. தோண்டினார். மண்கட்டியைப் பிளந்தார். பச்சையாக ஒரு வட்டம். மேகம் விலகி வெயில் அடித்தது, வட்டத்தின் மேலும் ஒரு வெயில் தெரிந்தது: கதிர் விரித்த சூரியன், மலை, மலை மேல் மரம், கலப்பை.  அப்படியே பஞ்சில் வைத்திருந்தால் இந்தக் கதையே கிடையாது. கலப்பைக்குக் கீழே வருஷம் போட்டிருக்குமே, அது என்ன வருஷம் என்று ஓர் ஆசை எட்டிப் பார்த்தது. கட்டைவிரல் உத்தரவுக்குக் காத்திருக்கவில்லை. ஒரே ஒரு தேய்.

சூரியனும் இல்லை, மலையும் இல்லை. சோளத் தட்டைக்கு நடுவில் உட்கார்ந்து மனுஷன் குழந்தை மாதிரி அழுதார்.

அழுது முடித்ததும் முறைப்படி செய்ய வேண்டியதைச் செய்தார். நிலத்தில் எது கிடைத்தாலும் முதலில் நிலத்துக்காரர் உள்ளங்கையில் வைத்துக் காட்ட வேண்டும், அப்புறம்தான் மற்றதெல்லாம். இந்த முறை தவறினவனுக்கு எங்கள் பக்கம் எந்தக் கொல்லையிலும் கால் வைக்க இடம் கிடைக்காது. ஏவிஸ் அம்மாள் அதை இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார்.

"இது வாஷர். நடுவுல ஓட்டை போட மறந்துட்டாங்க."

ஓரின் சூரியனைச் சொன்னார், மரத்தைச் சொன்னார், கலப்பையைச் சொன்னார்.

"நான் பார்க்கல" என்றார் ஏவிஸ்.

மறுநாள் கடையில் ரொட்டி வாங்கப் போன இடத்தில், பொய் கலக்காமல் நடந்ததை நடந்தபடி சொன்னார் அந்த அம்மாள். அது போதாதா? சாயங்காலத்துக்குள் ஊரெல்லாம் சூரியன். கொல்லைக் கதவையும் சாத்திவிட்டார். வாஷரில் சூரியனைப் பார்க்கிறவன் நாளைக்கு என் சோளத்துக்கு அடியில் தங்கச் சுரங்கத்தையே பார்ப்பான், எனக்குக் குழி விழாத கொல்லை வேண்டும் என்று சொல்லியனுப்பினார். குதிரை கீழே தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்த கதைதான்.

கேலியை ஓரின் தாங்கிக்கொண்டார். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை, இரண்டு மாதத்தில் சலித்துப் போவார்கள் என்று நினைத்தார். சலிக்கவில்லை. நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று அவர் சாதிக்கச் சாதிக்க, அவர்களுக்கு ருசி கூடிக்கொண்டே போயிற்று. உண்மையில் வலித்தது மார்ச் மாதம் ஊர்க்கூட்டத்தில்.

ஊர்க்கூட்டம் என்றால் எங்களுக்குத் திருவிழா. மார்ச் முதல் செவ்வாயன்று எல்லோரும் சேற்று பூட்ஸோடு பள்ளிக்கூட ஹாலில் வந்து உட்கார்ந்து, எந்த ரோட்டுக்கு எது செய்வது என்று குரல் கொடுத்துத் தீர்மானிப்பார்கள். காஸ்டன்தான் வழக்கமாக மேடையில் சுத்தியலோடு நின்று கூட்டத்தை நடத்துவார். அந்த வருஷம் ஓரின் எழுந்து, மில் ரோட்டுக்கு அடியில் ஓடைத் தண்ணீர் போகிற இரும்புக் குழாயைப் பற்றிச் சொன்னார். உள்ளே ஊர்ந்துபோய்ப் பார்த்தேன், அடிப்பக்கம் துருப்பிடித்து இற்றுப்போயிருக்கிறது, மேலே ரோடு பார்க்க நன்றாக இருக்கும், ஒருநாள் பஸ்ஸோடு உட்கார்ந்துவிடும், இப்போதே மாற்றுங்கள் என்றார். ஹால் அமைதியாகத்தான் கேட்டது. காஸ்டன் கெட்டவர் இல்லை, நாக்கு அரித்துவிட்டது.

"ஏம்ப்பா ஓரின், சூரியனைப் பார்த்தியே, அதே கண்ணாலதான் இதையும் பார்த்தியா?"

கூரை பிய்த்துக்கொண்டு போகிற சிரிப்பு. ஓட்டுக்கு விட்டபோது குழாய் தோற்றுப்போயிற்று. ரோடு தொறந்தாச்சு என்று இவர் சொன்ன ஒரு சொல்லுக்குப் பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றிவிட்ட அதே ஊர். ஓரின் உட்கார்ந்தார். அன்றையிலிருந்து கடை வாசலில் நின்று பேசுவதை நிறுத்திவிட்டார். செல்லாக் காசாகிவிட்டோம் என்று அவருக்கே தோன்றியது.

வீட்டுக்கு வந்ததும் லோர்னாவிடம் கேட்டார்.

"நீயாவது நம்புறியா?"

 பொய் சொல்லி ஆறுதல் பண்ணுகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

"நீ பார்த்ததா நீ நம்புறேல்ல, அதை நான் நம்புறேன்."

இது ஆறுதலா அடியா என்று புரியாமல், ஓரின் அடுப்படியில் போய் ஒரு டப்பாவை எடுத்து வேறு இடத்தில் வைத்தார். அன்றைக்கு மட்டும் லோர்னா அதை அங்கேயே விட்டுவைத்தாள்.

இப்படியே காலம் ஓடியது. ஒவ்வொரு வருஷமும் ஓடை வெள்ளம் வடிந்ததும் ஓரின் தனியாகப் போய்க் குழாய்க்குள் டார்ச் அடித்துப் பார்ப்பார், துரு இன்னும் கொஞ்சம் தின்றிருக்கும். சொல்லத்தான் ஆள் இல்லை. அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. இன்னொரு சூரியன். அதே கொல்லையில் அதே மாதிரி ஒரு காசு கிடைத்து, அதைத் தேய்க்காமல் கொண்டுபோய் காஸ்டன் கையில் வைத்துவிட்டால் போதும், வாயைப் பொத்திக்கொள்வார்கள். கொல்லையோ சாத்திக் கிடந்தது.

திறந்துவிட்டது சாக்கடை. போன நவம்பரில் தேங்க்ஸ்கிவிங்குக்கு நாலு நாள் இருக்கும்போது, ஏவிஸ் அம்மாள் வீட்டில் கழிவுத் தண்ணீர் உள்ளே போகாமல் மேலே வர ஆரம்பித்தது. மகள் குடும்பம் முழுக்க வான்கோழி சாப்பிட வருகிறது, அத்தனை பேருக்கும் கக்கூஸ் வேண்டாமா? செப்டிக் டேங்க் லாரிக்காரன் குழாயை இழுத்துக்கொண்டு வந்து நின்று, மூடி எங்கே என்று கேட்டான். எங்கே புதைந்திருக்கிறது என்று தெரிந்த ஒரே ஆள் வென்டல், அவர் அந்த ரகசியத்தைக் கல்லறைக்குக் கொண்டுபோய்விட்டார். லாரிக்காரன் கம்பியால் தோட்டமெங்கும் குத்திப் பார்த்தான். டாலியாப் பூச்செடிக் கிழங்கு மேல் இன்னொரு குத்து விழுந்தால் கம்பியை உன் மேல் திருப்புவேன் என்றார் ஏவிஸ். மூடியில் இரும்புப் பிடி இருக்கும் என்று அவன்தான் சமயோசிதமாக ஓரினுக்கு போன் போட்டான்.

ஓரின் வந்தார், குட்மார்னிங்கூடச் சொல்லாமல் கருவியை ஆட்டிக்கொண்டே தோட்டத்தைச் சுற்றினார். குருவி குளிக்க வைத்திருந்த கல் தொட்டிக்கு அடியில் கருவி ஊளையிட்டது. தொட்டியை நகர்த்தித் தோண்டினால் மூடி. அடையாளத்துக்கென்றே வென்டல் அந்தத் தொட்டியை அங்கே வைத்திருக்கிறார். பெண்டாட்டியிடம் சொல்லத்தான் மறந்துவிட்டார்.

ஏவிஸ் அம்மாளுக்கு யாரிடமும் கடமைப்பட்டு நிற்கப் பிடிக்காது. என்ன தரட்டும் என்று கேட்டார்.

"எனக்கு ஒண்ணும் வேணாம் மிஸஸ் ஹாட்ச். கொல்லையை ஒரே ஒரு நாள் தொறந்து விடுங்க."

அம்மாள் பல்லைக் கடித்தார். செப்டிக் டேங்குக்குள் லாரிக் குழாய் உறுமிக்கொண்டிருந்தது. முடியாது என்று சொல்லக்கூடிய நேரமா அது? வெள்ளிக்கிழமை வா, ஆனால் நானும் கூட வந்து உட்கார்ந்திருப்பேன், ஒவ்வொரு குழியையும் என் கண் முன்னால் மூட வேண்டும் என்றார்.

வெள்ளிக்கிழமை காலையில் லோர்னா பிளாஸ்திரிச் சுருளை எடுத்து அவருடைய வலது கட்டைவிரலைச் சுற்றினாள். சுற்றினாள், சுற்றினாள், விரல் உருளைக்கிழங்கு அளவுக்கு ஆனதும் பல்லால் கடித்து அறுத்தாள். "இப்ப தேய், பார்க்கலாம்" என்றாள். அது கேலி இல்லை. அவள் கண் கலங்கியிருந்ததை ஓரின் பார்த்தார், பார்க்காத மாதிரி தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

மான் வேட்டைக் காலம். மான் என்று நினைத்து எவனாவது சுட்டுவிடக் கூடாதே என்று இரண்டு பேரும் பளிச்சென்ற ஆரஞ்சுச் சட்டை மாட்டியிருந்தார்கள். சோளம் அறுத்த வெறும் கொல்லையில் ஆரஞ்சாக ஓர் ஆள் நடக்க, ஆரஞ்சாக ஓர் அம்மாள் மடக்கு நாற்காலியில் ஃபிளாஸ்க்கோடு உட்கார்ந்திருந்தார். பனி தள்ளுகிறவனுக்குக் கொல்லையைப் பார்த்துப் பார்த்து நடக்கத் தெரிகிறது என்று மனசுக்குள் நினைத்தாலும் அம்மாள் வெளியே சொல்லவில்லை. முதல் குழியில் கலப்பைக் கொழுவின் துண்டு. அடுத்ததில் சட்டைப் பொத்தான். ஒவ்வொன்றையும் ஓரின் கொண்டுவந்து அம்மாள் உள்ளங்கையில் வைத்துக் காட்டிவிட்டு, குழியை மூடி மண்ணை மிதித்துச் சமன்படுத்திவிட்டுப் போனார். மதியத்துக்கு மேல் அம்மாள் அவருக்கும் ஒரு கோப்பை காப்பி ஊற்றினார். வேண்டாவெறுப்பாகத்தான்.

பொழுது சாயப்போகிற சமயம், சத்திரப் பள்ளத்துக்குக் கிழக்கே கருவி பாடியது. ஓரினுக்கு அந்தக் குரல் தெரியும். மண்டியிட்டு, கையகலம் புல்லைக் கீறி மடக்கி, கரண்டியால் மண்ணை அள்ளினார். மண்ணுக்குள் ஒரு பச்சை விளிம்பு. கட்டைவிரல் பிளாஸ்திரிக்குள் துடித்தது. "சும்மா இரு" என்று அதை அதட்டினார். மண்ணோடு மண்ணாக அப்படியே கரண்டியில் ஏந்தி, சாமி தூக்குகிறவன் மாதிரி நடந்து வந்தார்.

இங்கேதான் வந்தது வம்பு. தொடாதே என்பது ஒரு முறை. நிலத்துக்காரர் கையில் முதலில் வை என்பது இன்னொரு முறை. இரண்டும் இப்படி நேருக்கு நேர் முட்டிக்கொள்ளும் என்று எந்த மகானும் சொல்லி வைக்கவில்லை. ஓரின் முறை தெரிந்த மனுஷன். கரண்டியை அம்மாளுடைய உள்ளங்கையில் மெல்லச் சரித்தார்.

"பார்க்க மட்டும், மிஸஸ் ஹாட்ச். தொடாதீங்க."

சேறு ஒட்டிய ஒரு முட்டையைக்கூட வாசலுக்குள் விடாத பொம்பளை அது. கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், ஓரத்தில் ஒட்டியிருந்த மண்ணை விரல் நுனியால் லேசாகத் தள்ளினார். அப்புறம் அசையவில்லை.

"மரம்" என்றார். "மலை மேல மரம் நிக்குது. பின்னால சூரியன். ஓரின், கதிரு கதிரா விரிச்சுட்டு நிக்குது. கீழே கலப்பை."

 ஓரின் நாற்காலிக்கு எதிர்ப்பக்கம் நின்றதால் அவர் கண்ணுக்கு அம்மாளின் புறங்கைதான் தெரிந்தது. முழங்கால் பிடித்துக்கொண்டது, சுற்றி வர நாலு எட்டு வைக்க வேண்டும். அதற்குள் அம்மாளுக்கும் ஓர் ஆசை எட்டிப் பார்த்துவிட்டது.

"கீழே வருஷம் மாதிரி என்னமோ இருக்கே" என்று, தூவென்று துப்பி, கட்டைவிரலை வைத்து ஒரு தேய் தேய்த்தார்.

ஓரின் போட்ட சத்தத்தில் லைலாக் புதரிலிருந்த பறவையெல்லாம் கிளம்பிப் போயிற்று. அம்மாள் காசைப் பார்த்தார். திருப்பினார். மறுபடி திருப்பினார். ஓரின் சுற்றி வந்து குனிந்து பார்த்தபோது மொழுக்கென்று ஒரு செப்புத் தகடு.

"நான் பார்த்தேன்" என்றார் ஏவிஸ். குரல் ஒருமாதிரி இருந்தது. "இப்ப இருந்துச்சு. இந்தக் கண்ணால பார்த்தேன்."

ஓரின் ரொம்ப நேரம் அந்தத் தகட்டைப் பார்த்தார். பார்க்காததைப் பார்த்தேன் என்று சொல்ல அவராலும் முடியாது.

"நான் பார்க்கல, மிஸஸ் ஹாட்ச்" என்றார்.

சொல்லி வாயை மூடுவதற்குள் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை வருஷத்துச் சிரிப்பு. தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, அதில் பாதி சிரிப்பில்லை. ஏவிஸ் அம்மாள் சிரிக்கவில்லை. காசைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு, நாற்காலியை மடக்கிக்கொண்டு, வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

அந்தக் குளிர்காலம் முழுக்க அம்மாளைக் கடையில் காணோம். ரொட்டியைப் பக்கத்து வீட்டுப் பெண் வாங்கிக்கொண்டு போனாள். உடம்பு சரியில்லையோ என்று பேசிக்கொண்டார்கள். என்ன நோய் என்று ஓரினுக்குத் தெரியும். உண்மையைப் பார்த்துவிட்டு அதைக் காட்ட முடியாமல் உட்கார்ந்திருக்கிற நோய், அவர் பல வருஷம் படுத்த படுக்கை. ஊருக்குள் போய் ஏவிஸும் பார்த்துவிட்டாள் என்று ஒரு வார்த்தை சொன்னால் தன் கேலி பாதியாகக் குறையும், மீதிப் பாதி அந்த அம்மாள் தலையில் விழும். சொல்லவில்லை. காஸ்டன் கேட்டதற்குப் பொத்தான் கிடைத்தது என்றார். லோர்னாவிடம்கூட அதையேதான் சொன்னார். அவள் பிளாஸ்திரியை அவிழ்த்துவிட்டாள்.

மார்ச் வந்தது, சேறு வந்தது, ஊர்க்கூட்டம் வந்தது. நீ எழுந்து பேசாவிட்டால் குழாயைப் பற்றி நான் பேசுவேன், எனக்குக் குழாயும் தெரியாது குட்டையும் தெரியாது, மானம்தான் போகும் என்று லோர்னா மிரட்டியதால் ஓரின் எழுந்தார். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். குழாய் இன்னும் மோசமாகியிருக்கிறது, பார்த்தேன் என்றார். பார்த்தேன் என்ற சொல் வாயிலிருந்து விழுந்ததுதான் தாமதம், பின் வரிசையில் யாரோ சூரியன் என்று முணுமுணுத்தார்கள், சிரிப்பு அங்கங்கே பற்ற ஆரம்பித்தது.

மதியச் சாப்பாட்டுக்கு பீன்ஸ் சட்டி வைத்திருந்த மேசைப் பக்கமிருந்து ஏவிஸ் அம்மாள் எழுந்தார். அவர் எழுந்தால் யாரையோ திருத்தப் போகிறார் என்று அர்த்தம், ஆகவே ஹால் அடங்கியது.

"அது வாஷர்னு இந்த ஊருக்குச் சொன்னது நான்" என்றார். "தப்பாச் சொல்லிட்டேன். போன நவம்பர்ல என் கொல்லையில ஓரின் இன்னொண்ணு எடுத்துக் கொடுத்தான். சூரியனைப் பார்த்தேன். மலை, மரம், கலப்பை, எல்லாத்தையும் பார்த்தேன். அப்புறம் நானே தேய்ச்சு அழிச்சுட்டேன்."

யாரோ ஒருவர் ஒரு சிரிப்பை ஆரம்பித்தார். அம்மாள் அந்தப் பக்கம் திரும்பினார். சிரிப்பு ஆரம்பித்த இடத்திலேயே நின்றுவிட்டது.

கோட்டுப் பையிலிருந்து அந்தத் தகட்டை எடுத்துப் பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்தார். அது வரிசை வரிசையாகக் கை மாறி மேடைக்குப் போயிற்று. காஸ்டன் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு பக்கமும் பார்த்தார்.

"ஏவிஸ் அம்மா, இதுல ஒண்ணுமே இல்லையே."

"அதைத்தானே சொல்றேன். என் பேச்சுல உனக்குச் சந்தேகமா காஸ்டன்?"

காஸ்டனுக்கு வியர்த்தது. பாதிரியாரையே திருத்திய பொம்பளையைப் பொய்க்காரி என்று சொல்ல அந்த ஹாலில் ஓர் ஆண்பிள்ளை கிடையாது. ஏவிஸ் சொல்வது மெய் என்றால் ஓரின் சொன்னதும் மெய். ஒன்றுமில்லாத ஒரு காசுக்கு ஒன்றுமில்லாத இன்னொரு காசு சாட்சி. ஊர் அதை மெல்ல மெல்ல விழுங்கிக்கொண்டிருப்பது முகங்களில் தெரிந்தது. ஆனால் காஸ்டன் காசுப் பைத்தியம், மேடையில் நிற்பதையும் மறந்துவிட்டார்.

"வருஷம்? வருஷம் என்ன போட்டிருந்துச்சு?"

"அதைப் பார்க்கப் போய்த்தானே" என்று ஓரினும் ஏவிஸும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

ஹால் வெடித்துச் சிரித்தது. இந்தத் தடவை ஓரினும் சிரித்தார், ஏவிஸ் அம்மாள்கூட உதட்டைக் கடித்துக்கொண்டு பீன்ஸ் சட்டியைக் கிளறினார். சிரிப்பு ஓய்ந்ததும் காஸ்டன் சுத்தியலைத் தட்டி, மில் ரோட்டுக் குழாயை மாற்றலாம் என்கிறவர்கள் குரல் கொடுங்கள் என்றார். குரல் வந்தது. வேண்டாம் என்கிறவர்கள் என்று கேட்டார். வெளியே கூரையிலிருந்து பனி உருகிச் சொட்டுகிற சத்தம்தான் கேட்டது. லோர்னா மூக்கைச் சிந்துகிற சாக்கில் முகத்தை மூடிக்கொண்டாள்.

மதியச் சாப்பாட்டில் ஓரின் தட்டை நீட்டியபோது ஏவிஸ் அம்மாள் பீன்ஸை அள்ளி அள்ளி வைத்தார், போதும் என்று சொன்ன பிறகும் வைத்தார். முகத்தைப் பார்க்காமல்தான் பேசினார்.

"அக்டோபர்ல சோளம் அறுப்பு முடியும். கொல்லை தொறந்திருக்கும், வா."

"வர்றேன், மிஸஸ் ஹாட்ச்."

"அந்தப் பிளாஸ்திரியை எடுத்துட்டு வா" என்றார். "ரெண்டு பேருக்கும் சுத்துற அளவுக்கு."